வலையில் வந்த கடற்பஞ்சு புது இனமா?

கேள்வி: கொல்லத்துக்கு மேற்கே 300 மீட்டர் ஆழத்தில் றாலுக்கு இழுத்தபோது வலையின் மடியில் வெள்ளைக் கடற்பஞ்சு ஒன்று வந்தது. படகில் ஒருவரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. புது இனமாக இருக்குமா?
– வாசகர், வள்ளவிளை

பதில்: கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உலகில் 9,000க்கும் மேற்பட்ட கடற்பஞ்சு இனங்களுக்குப் பெயர் உண்டு. 'இன்வெஸ்டிகேட்டர்' ஆய்வுக் கப்பல் நம் கடல்களில் எடுத்த கண்ணாடிக் கடற்பஞ்சுகளை (சிலிக்கா முட்களால் ஆனவை) விலங்கியலாளர் ஷுல்ட்ஸ 1902-லேயே விவரித்துவிட்டார். அவற்றோடெல்லாம் ஒப்பிட்ட பிறகுதான் 'புதிது' என்ற பேச்சு.

அடுத்த முறை கிடைத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். சிலிக்கா முட்கள் தோலில் ஏறும். பிழியவும் வேண்டாம். நிறம் எத்தனாலில் (சாராயத்தில்) போய்விடும், அதனால் முதலில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பாலித்தீன் பையில் கட்டி ஐஸில் வையுங்கள். கரைக்கு வந்ததும் 95% எத்தனாலில், கடற்பஞ்சைப் போல ஐந்து மடங்காவது ஊற்றி வைத்து, மறுநாள் புதிதாக மாற்றுங்கள். கடற்பஞ்சுக்குள் இருக்கும் நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். மாற்றாவிட்டால் உள்ளே அழுகும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டி.என்.ஏ. கெடும். மடி விட்ட இடம், தூக்கிய இடம், இரண்டின் ஆழம் நான்கையும் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

கேள்வி: கடற்பஞ்சின் ஒரு துண்டைக் கரைத்துப் பார்த்ததில் ஏழு வகை நுண்முட்கள் தெரிகின்றன. இத்தனை இருக்குமா?
– மாணவி, பாறசாலை

பதில்: இருக்கலாம், ஆனால் சந்தேகப்படுங்கள். மடிக்குள் மற்றக் கடற்பஞ்சுகளோடு உரசியதில் அவற்றின் முட்கள் மேல்தோலில் ஒட்டும். கடலடி மண்ணில் கிடக்கும் முட்களையும் சில இனங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவாத டிராப்பரில் போன மாதிரியின் முட்கள் வருவது ஆய்வகங்களில் சர்வசாதாரணம். ஒவ்வொரு மாதிரிக்கும் புது டிராப்பர் எடுங்கள். மேற்பரப்பிலும் உட்பகுதியிலும் தனித்தனியே 5 மி.மீ. துண்டு வெட்டி, 2 மி.லி. ப்ளீச்சில் சில மணி நேரம் கரையவிடுங்கள். முட்கள் அடியில் படிய ஒவ்வொரு முறையும் அரைமணி காத்திருந்து, மேல்நீரை மெல்ல எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் நான்கு முறை, எத்தனாலில் இரண்டு முறை கழுவுங்கள். அவசரப்பட்டால் மிக நுண்ணிய முட்கள் நீரோடு போய்விடும். பல நேரம் இனத்தைப் பிரித்துக் காட்டுவதே அவைதான். சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுற்றினால் நீண்டவை ஒடியும். ப்ளீச் மிச்சமிருக்கும் குழாயில் நைட்ரிக் அமிலம் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கரைக்காத குறுக்குவெட்டும் ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் தன் இடத்தில் அடுக்காக நிற்கும் முள்தான் அந்தக் கடற்பஞ்சுக்குச் சொந்தம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடப்பது வந்தேறியாக இருக்கலாம். மெலிந்த முள்ளைத் தனி வகையாக எண்ணாதீர்கள். அது வளர்ந்து முடியாத முள்ளாகவும் இருக்கும். வகைக்கு 30 முட்கள் அளந்து, குறைந்தது–சராசரி–அதிகம் என்று எழுதுங்கள்.

இனங்களை ஒப்பிடப் பயன்படும் சிஓஐ மரபணுவின் வரிசை ஒத்துப்போவதால் மட்டும் ஒரே இனம் என்று முடிவுகட்ட வேண்டாம். கடற்பஞ்சுகளில் அது மிக மெதுவாக மாறுவது. 28எஸ் என்ற இன்னொரு மரபணுவின் வரிசையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புது இனம் அறிவிக்கலாமா? கண்டெடுத்தவர் தன் பெயரையே சூட்டலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: ஒன்று போதும், அதுவே ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி ஆகும். ஆனால் அந்தப் பேரினத்தின் மற்ற எல்லா இனங்களிலிருந்தும் எதில் வேறுபடுகிறது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கட்டுரைகள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தன் பெயரைச் சூட்ட விலங்குப் பெயரிடும் விதியில் தடையில்லை. அப்படிச் செய்பவரைத் துறையில் மதிக்க மாட்டார்கள். இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான சூபேங்கில் செய்த பதிவு கட்டுரையிலேயே இருக்க வேண்டும், 2012 முதல் இது விதி. 2002-ம் ஆண்டின் உயிரியப் பல்வகைமைச் சட்டம் 39-ம் பிரிவின்படி, புது இனத்தின் மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்ட ஒன்று. அங்கே தரும் பதிவு எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.