கேள்வி-பதில்: தையல் ஆறியும் வலி ஆறவில்லை

கே: பைபாஸ் ஆகி ஐந்து மாதம். இடப்பக்க நெஞ்சு மரத்துக் கிடக்கிறது. சட்டை உரசினாலே எரிகிறது. டிவியில் காட்டும் மூலிகை எண்ணெய் வாங்கலாமா? – திருநெல்வேலி வாசகர்

ப: வேண்டாம். பைபாஸுக்காக நெஞ்சுச் சுவரின் உட்புறத்திலிருந்து ஒரு தமனியை எடுப்பார்கள், பெரும்பாலும் இடப்பக்கம். அப்போது விலா நரம்புகள் அடிபடலாம். மரத்துப்போவதும் எரிவதும் அதனால்தான் இருக்கும். மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் உண்டு. டாக்டர் எழுதித் தரட்டும். நடந்தால் வலி கூடி, நின்றால் அடங்குகிறதா? அது வேறு கதை, அன்றே போய்விடுங்கள்.

கே: பைபாஸ் ஆனவன். கட்டிலில் புரளும்போது நெஞ்செலும்பு 'டக்'கென்கிறது. நெஞ்சைச் சுற்றிக் கட்ட இன்னும் இறுக்கமான பெல்ட் எது? – கரூர்

ப: இன்றே சர்ஜனைப் பாருங்கள். ஆபரேஷனில் வெட்டிய எலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பி தளர்ந்திருக்கலாம்.

கே: ஆன்லைனில் நெஞ்சு பெல்ட் 'லார்ஜ்' வாங்கினேன். அப்பாவுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். – சேலம்

ப: தையல்காரர் டேப் என்ன விலை? நெஞ்சளவு எடுத்துவிட்டு வாங்கியிருக்கலாமே.

கே: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து மூன்று வாரம். மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை நாலு கத்தரித்துக் கொடுத்தார்கள். பில் இல்லை. தினம் கொடுக்கலாமா? – மதுரை

ப: கொடுக்காதீர்கள்! பைபாஸை ஒட்டிய வலிக்கு இந்த வகை மாத்திரை கூடாது என்று அமெரிக்காவில் 2005-லேயே கட்டம் கட்டி எச்சரித்தார்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து. ஆஸ்பிரினும் சாப்பிடுகிறவர் என்றால் வயிற்றில் ரத்தக்கசிவு வேறு.

இந்தக் கத்தரிக்கோல் மேல் எனக்கு நெடுநாள் ஆத்திரம். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் மிச்சத் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். பில்லும் கிடையாது. நாளைக்கு ஏதாவது ஆனால் எதைக் காட்டி யாரைக் கேட்பீர்கள்? டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. கேட்டால், "எல்லாரும் வாங்குறாங்க சார்." பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் பில் கேளுங்கள். தேதியிருக்கும் பக்கத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள்; முறைத்தால் அடுத்த கடை.

கே: காந்த மெத்தையில் படுத்தால் நெஞ்சுவலி போகுமாமே? – ஈரோடு

ப: பணம் போகும். முதுகுவலிக்கென்று நான் வாங்கியதில் இப்போது விருந்தாளிகள் படுக்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே போகாதீர்கள்.

கே: வால்வு ஆபரேஷனுக்குப் பின் தோளும் நெஞ்சும் இறுகிவிட்டன. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதாகச் சொன்னவருக்கு 12,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். இரண்டு நாள் வந்தார். இப்போது போனே எடுப்பதில்லை. நான் ஏமாளியா? – தஞ்சாவூர் வாசகி

ப: இல்லையம்மா. வலியில் இருப்பவரிடம் முழுப் பணத்தையும் முன்னாலேயே கறந்தவர்தான் வெட்கப்பட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் இன்றைக்கே பிரிண்ட் எடுத்துவிடுங்கள், அவர் அழிப்பதற்குள்.