ஹோம் தியேட்டர் கணினிக்கு 4 ஹார்ட் டிஸ்க் வாங்கி ரெய்டு 5 போடலாமா?

படம் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். வேகத்துக்காக ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை) தேவையே இல்லை. 4கே புளூ-ரே வட்டின் உச்ச வேகமே நொடிக்கு 20 மெகாபைட்டுக்கும் குறைவுதான். இன்றைய சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றே நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும்.

ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் சமாளிக்கலாம். ஆனால் புது டிஸ்க்கைப் போட்டு மீட்கும்போது மற்ற மூன்றையும் முழுக்கப் படிக்க வேண்டும். அதற்குள் இன்னொன்றும் போனால் மொத்தமும் போச்சு.

படக் கோப்புகள் ஒருமுறை எழுதினால் மாறுவதில்லை. அதனால் ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருள் நன்றாகப் பொருந்தும். மூன்று டிஸ்க்கில் படங்கள், நான்காவதில் பாரிட்டி, அதாவது போன டிஸ்க்கில் இருந்ததை மீட்க உதவும் தரவு. அந்த நான்காவது டிஸ்க் மற்றவற்றைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இரண்டு டிஸ்க் போனாலும் மிச்சமுள்ளதில் இருப்பவை அப்படியே கிடைக்கும். புதிதாகச் சேர்த்தவற்றுக்கு, சிங்க் (பாரிட்டியைப் புதுப்பிக்கும் வேலை) ஓடி முடிந்த பிறகுதான் பாதுகாப்பு.

வாங்கும்போது டிஸ்க் எஸ்.எம்.ஆரா (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும் வகை), சி.எம்.ஆரா (தடங்கள் தனித்தனியாக இருக்கும் வகை) என்று பாருங்கள். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சிலவற்றை எஸ்.எம்.ஆர் என்று சொல்லாமல் விற்றது பெரிய சர்ச்சையானது. ரெய்டு மீட்பில் அவை மிகவும் திணறும். பாரிட்டிக்குக் கட்டாயம் சி.எம்.ஆர் எடுங்கள். கணினி ஹாலிலேயே இருக்கும் என்றால் நிமிடத்துக்கு 5400 சுழற்சி போதும், சத்தம் குறைவு. இயங்குதளத்துக்குச் சின்ன எஸ்.எஸ்.டி.

அப்புறம், குடும்பப் புகைப்படங்களும் அதே பெட்டியில் இருந்தால் எந்த ரெய்டையும் நம்பாதீர்கள். தவறுதலாக அழித்தால் ரெய்டு 5 காப்பாற்றாது. தனி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.