அப்பாவின் காலைப் பார்க்க போன் ஸ்கேன் கருவி வாங்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், டாப்ளர் (ரத்தம் ஓடுவதை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் சோதனை) எடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். மெடிக்கல் கருவிகள் விற்கும் ஒருவர், செல்போனில் மாட்டிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை ஒன்றே கால் லட்சத்துக்குத் தருகிறேன், வீட்டிலேயே மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுத்து வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கருவி மட்டம் என்பதால் சொல்லவில்லை. போனோடு இயங்கும் அல்ட்ராசவுண்டுக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது 2011-இல். அதற்குப் பிறகு இந்தத் துறை வெகுதூரம் வந்துவிட்டது. இன்று கைக்குள் அடங்கும் ஒரு ப்ரோபை, அதாவது உடம்பின் மேல் வைக்கும் ஸ்கேன் முனையை வைத்து அவசர சிகிச்சைப் பிரிவில் இதயத்தைப் பார்க்கிறார்கள், நுரையீரலைப் பார்க்கிறார்கள், தொடையின் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிறார்கள். பயிற்சி உள்ளவர் கையில் அது அருமையான கருவி.

உங்கள் விஷயத்தில் முதல் தடை சட்டம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், 2003 திருத்தத்துக்குப் பிறகு, அல்ட்ராசவுண்ட் கருவியைப் பதிவு பெறாத எவருக்கும் விற்கக் கூடாது என்கிறது. போனில் மாட்டும் குட்டி ப்ரோபும் இதில் அடக்கம். காலுக்கு மட்டும்தான் பயன்படுத்துவேன், வீட்டில் கர்ப்பிணி யாரும் இல்லை என்பதெல்லாம் எடுபடாது. அந்தக் கருவியால் கருவைப் பார்க்க முடியும், அவ்வளவு போதும்.

இதை விற்பவர் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். ‘டெமோ பீஸ் சார், பில் வேண்டாம்’ என்பார்கள். ‘கால்நடை மருத்துவத்துக்கு என்று பில் போட்டுத் தருகிறேன்’ என்பார்கள். ‘கூரியரில் வெளிநாட்டிலிருந்து வந்துவிடும்’ என்பார்கள். இதில் எந்த வார்த்தை காதில் விழுந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பில் இல்லாத கருவிக்கு வாரண்டி கிடையாது. சில கருவிகளுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், அதையும் முன்கூட்டியே வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மாட்டிக்கொண்டால் அவரோடு சேர்ந்து நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரலாம்.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. ‘டாப்ளர் மெஷின்’ என்று கேட்டால் ஆன்லைனில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு வருவது, கர்ப்பிணி வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி. அதன் அதிர்வெண் ஆழத்தில் உள்ளதைக் கேட்பதற்கானது. பாதத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடும் தமனிக்கு அது சரிப்படாது. அதை வாங்கிக் காலில் வைத்து, சத்தமே வரவில்லை என்று அலறி அடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு.

சரி, சட்டம் தடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திரையில் சிவப்பும் நீலமும் தெரிந்தால் ரத்தம் ஓடுகிறது, தெரியாவிட்டால் அடைப்பு என்று நினைத்துவிடுவீர்கள். ப்ரோபை ரத்தக்குழாய்க்கு நேர் செங்குத்தாகப் பிடித்தால், நன்றாக ஓடும் ரத்தமும் திரையில் காணாமல் போகும். சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்பதும் கிடையாது. ப்ரோபை நோக்கி வருவதற்கு ஒரு நிறம், விலகிப் போவதற்கு ஒரு நிறம். அழுத்திப் பிடித்தால் சிரை மூடிக்கொள்ளும். இதையெல்லாம் கற்க மாதக்கணக்கில் கை பழக வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது தேவை படம் இல்லை, ஓர் அளவு. அதற்குப் பெயர் ஏபிஐ, கணுக்கால் அழுத்தத்துக்கும் கை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். பத்து நிமிடம் படுக்க வைத்துவிட்டு இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பிபி பார்ப்பார்கள். ஸ்டெதஸ்கோப்புக்குப் பதிலாக பேனா அளவு டாப்ளர், பெரும்பாலும் 8 மெகாஹெர்ட்ஸ். படம் காட்டாது, ‘உஷ் உஷ்’ என்ற சத்தம் மட்டும் வரும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.7. ஒன்றிலிருந்து 1.4 வரை சரி. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேன் டாப்ளர், சிடி எல்லாம் இதற்கு அப்புறம், தேவைப்பட்டால்.

ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் கோட்டை விட்டால் காலே போகலாம். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கணுக்கால் தமனியின் சுவரில் கால்சியம் படிந்துவிடும். நம் ஊர் போர் தண்ணீர் ஓடி உப்புப் படிந்த குழாய் போல விறைத்துப்போகும். பிபி கஃப் எவ்வளவு இறுக்கினாலும் அந்தத் தமனி அமுங்காது. கணுக்காலில் 230 என்று காட்டும். 140-ஆல் வகுத்தால் 1.6-க்கு மேல். பார்ப்பவர் ‘ஓட்டம் பிரமாதம்’ என்று அனுப்பிவிடுவார். அதைவிட ஆபத்து, அடைப்பும் விறைப்பும் சேர்ந்து 1.1 என்று பார்க்க அழகான எண் வருவது. யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் 15 வருடச் சர்க்கரைக்காரருக்குக் கணுக்கால் எண் மட்டும் போதாது, கால் கட்டைவிரலில் சின்ன கஃப் போட்டு அழுத்தம் பார்க்க வேண்டும். விரலின் தமனி அவ்வளவாக விறைப்பதில்லை. விரல் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.7-க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும். விரலில் 30-க்குக் கீழே இறங்கினால் கால் ஆபத்தில் இருக்கிறது. ரிப்போர்ட் வாங்கும்போது ‘விரல் அழுத்தம் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் சோதனை முடியவில்லை.

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித் துறை இருக்கிறது. அங்கே காட்டுங்கள். கூட்டம் இருக்கும், ஒரு நாள் போகும், பரவாயில்லை. அபார்ட்மெண்ட் ஹாலில் நடக்கும் ‘இலவச ரத்த ஓட்டப் பரிசோதனை’ முகாமுக்கு மட்டும் போகாதீர்கள். போன் ப்ரோபை இரண்டு நிமிடம் வைத்து ‘70 சதவீதம் அடைப்பு’ என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்து ஆஞ்சியோகிராம், அதற்கு அடுத்து ஸ்டென்ட். ஒவ்வொரு படியிலும் யாருக்கோ கமிஷன்.

நடந்தால் மட்டும் வலி, நின்றால் சரி என்ற நிலையில் பெரும்பாலானவர்களுக்கு முதல் வைத்தியம் மாத்திரையும் நடையும்தான். கொழுப்புக்கு ஸ்டேட்டின், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இரண்டையும் டாக்டர் முடிவு செய்வார். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது, வாரத்துக்கு மூன்று நாளாவது, ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல், குறைந்தது 12 வாரம். நடக்க ஆரம்பிக்கும் முன் இதயத்தையும் பாதத்தையும் டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. உசிலம்பட்டியிலும் சேலத்திலும் பெண் குழந்தைகளுக்கு நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. ஆனால் நடைமுறை என்னவாக இருக்கிறது? பதிவு பெற்ற மருத்துவர்கூட கையடக்கக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியின் வீட்டுக்குப் போக முடியாது. பில் போடாத ஏஜெண்ட் அதே கருவியை வீடு வீடாக விற்கிறார். படமே காட்டாத, அதனால் கருவைப் பார்க்க முடியாத அல்ட்ராசவுண்ட் சாத்தியம் என்பதும் தெரிந்த விஷயம்தான். கழுத்துத் தமனியின் விறைப்பை அப்படி அளக்கும் ஆர்ட்சென்ஸ் கருவி நம் சென்னை ஐஐடியில் உருவானது. காலுக்கென்று அப்படி ஒன்றைச் செய்து, விதியையும் அதற்கேற்ப மாற்றி, செவிலியர் கையில் கொடுக்க ஏன் யாருக்கும் அவசரமே இல்லை? மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்தது, வீட்டு வாசலில் பிபியும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், நல்லது. காலையும் பாருங்கள் என்று எத்தனை முறை கேட்பது? பல கிளினிக்குகளில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் நாடி பார்ப்பதுகூட இல்லை.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, பாதத்தில் புண் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, உடனே காட்டுங்கள். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் 108-ஐக் கூப்பிடுங்கள், அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அது சிரை விஷயம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

அட்வான்ஸ் பணத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘பதிவு இல்லாத எங்களுக்கு இந்தக் கருவியை விற்கலாம் என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்.’ எழுதித் தர மாட்டார். பணத்தையும் தராமல் இழுத்தடித்தால், பணம் கொடுத்த ரசீதோடும் அந்த உரையாடலோடும் மேலே சொன்ன 1994 சட்டத்துக்குப் பொறுப்பான மாவட்ட அதிகாரியிடம் புகார் கொடுங்கள்.