வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் கராஜுக்குத் தனி டிபி (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் போர்ட்) போடும்போது நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டலாமா?

கட்ட வேண்டாம். மிச்சத்தை வாசிக்காமல் போனாலும் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். கராஜ் டிபியில் நியூட்ரல் கம்பிகளைக் கட்டும் பார் வேறு, எர்த் கம்பிகளைக் கட்டும் பார் வேறு. வீட்டு டிபியிலிருந்து பேஸ், நியூட்ரலோடு எர்த் கம்பியையும் சேர்த்து இழுங்கள், கராஜ் பக்கத்திலும் மண்ணில் ஒரு எர்த் ரொட் அடித்து அதே எர்த் பாரில் கட்டுங்கள், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுவது) ஒன்றும் அங்கே இருக்கட்டும்.

நீங்கள் ஏதோ அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வியைக் கண்டாலே வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டுக் கராஜ்தான் ஞாபகம் வரும். மதிலோரம் தகரக் கூரை போட்ட கராஜ், அதில் கார் நிற்பதில்லை, அவர் மகன் வெல்டிங் பிளான்ட், கிரைண்டர், கொம்பிரசர் எல்லாம் வைத்து வேலை செய்கிறான். மழை பெய்து கராஜுக்குள் தண்ணீர் வந்தால் கொம்பிரசரைத் தொட முடியவில்லை, சுர்ரென்று இழுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள் (நான் வயரிங் தொழிலில் இருப்பவன்). போனால் நியூ ஜெர்சியிலிருந்து லீவில் வந்த அத்தானும் நிற்கிறார். "தம்பி, எங்கட வீட்டுக் கராஜில நியூட்ரலும் கிரவுண்டும் ஒரே பார்லதான் கட்டியிருக்கு, இத்தனை வருசமா ஒரு பிரச்சினையும் இல்லை, அப்பிடிக் கட்டி விடுங்கோ" என்றார்.

நான் முதலில் எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். பச்சைக் கம்பி மதிலோரம் இறங்கி, யாரோ கட்டட வேலையில் மிஞ்சிய கொங்கிரீட் கம்பித் துண்டு ஒன்றில் போய் நின்றது. கிளாம்ப் கிடையாது, சும்மா முறுக்கி விட்டிருந்தார்கள். தொட்டதும் துருப் பொருக்கோடு கையில் வந்தது. அதைவிடப் பெரிய கூத்து, அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று முன்பு வந்தவர் கராஜ் லைனை வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டிருந்தார், அதாவது கராஜுக்கு ட்ரிப்பே இல்லை. அந்தக் கம்பித் துண்டின் எர்த் தடையை அளந்தால் 300 ஓமுக்கு மேல். 230 வோல்ட்டை 300ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு அம்பியர்கூட வராது. கொம்பிரசரின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறி நின்றாலும் 20 அம்பியர் பிரேக்கர் அதை ஏதோ பல்ப் எரிகிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அத்தான் சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் மெயின் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஓரிடத்தில் சேர்ப்பார்கள், அதனால் பழுதுக் கரண்ட் செம்புக் கம்பி வழியாகவே திரும்பிப்போய் பிரேக்கரை விழுத்தும். தள்ளி நிற்கும் கட்டடங்களுக்கு தனி எர்த் இல்லாமல் மூன்று கம்பி (இரண்டு பேஸ், ஒரு நியூட்ரல்) மட்டும் இழுத்து அங்கேயும் சேர்த்துக் கட்டுவதை அவர்களே ஒரு காலத்தில் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள், அவர்களுடைய 2008 வயரிங் விதிகள் (கோட்) வந்தபின் புது வேலைக்கு அது கிடையாது. அத்தானுடைய கராஜ் பழையது. இதைச் சொன்னதும் அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

நம்முடைய முறையே வேறு. இங்கே இலங்கையில் கரண்ட் போஸ்டிலிருந்து வருவது பேஸும் நியூட்ரலும்தான், எர்த் நம் வீட்டு ரொட். பழுதுக் கரண்ட் மண்ணுக்குள்ளால்தான் டிரான்ஸ்போமருக்குப் போக வேண்டும். ரொட் நல்லதாக 50 ஓம் காட்டினாலும் ஐந்து அம்பியர்கூட ஓடாது, ஆகவே ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இங்கே ஒன்றுமே நடக்காது. ட்ரிப் போட்ட பிறகு நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்தால் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பி ட்ரிப் சும்மா சும்மா விழும், ஆட்கள் எரிச்சலில் ட்ரிப்பையே கழற்றி விடுவார்கள். அப்புறம் ஒருநாள் காற்றுக்குத் தென்னோலை விழுந்து வெளியே நியூட்ரல் அறுந்தால், எரிந்துகொண்டிருக்கும் லைட் வழியாகவே கரண்ட் வந்து கராஜில் இருக்கிற இரும்புச் சாமான் எல்லாவற்றிலும் ஏறி நிற்கும்.

இன்னொன்று. ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பட்டன் சுவிட்சின் பொறிமுறையை மட்டும்தான் பார்க்கிறது, எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் விழும். எர்த்தை மீற்றர் வைத்துத்தான் அளக்க வேண்டும், அதுவும் மழை விட்டு மண் காய்ந்திருக்கும் நாளில்.

பெரியம்மா கராஜுக்குள் ஏன் தண்ணீர் வருகிறது என்றும் சொல்லத்தான் வேண்டும். முன்பு வந்ததில்லை. ஒழுங்கையில் இரண்டு பக்கமும் பிளாற் எழும்பி, நிலமெல்லாம் சீமெந்து போட்டு மூடி, கானைப் பாதியாக ஒடுக்கிவிட்டார்கள். ஒரு மணித்தியால மழைக்குக் கணுக்கால் அளவு நிற்கும். கேட்கப் போனால் செக்கியூரிட்டி "சேர் இல்லை" என்பான். அந்த சேரை இன்றுவரை யாரும் கண்டதில்லை. ஒரு வீட்டுக்கு மூன்று கார், அதில் ஒன்று எப்போதும் பெரியம்மா கேற்றுக்கு முன்னால். சரி, அதை விடுவோம்.

கராஜுக்குத் தனி ரொட் போதும், வீட்டு எர்த்தை எதற்கு இழுக்க வேண்டும் என்று எழுதுவதற்கு யாராவது வருவார்கள். அதுவும் ஒரு முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் ஆர்மர்ட் கேபிளின் இரும்புக் கவசத்தைக் கராஜ் பக்கத்தில் எர்த்தோடு சேராமல் பிரித்து வைக்க வேண்டும், வீட்டு எர்த்தில் இருக்கும் ஒரு சாமானும் கராஜ் எர்த்தில் இருக்கும் ஒரு சாமானும் ஒரே ஆளுக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. தண்ணிக் குழாய் இரும்பு (ஜிஐ) என்றால் அதையும் யோசிக்க வேண்டும். இவ்வளவையும் ஞாபகம் வைத்துச் செய்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை, அதனால்தான் வீட்டு எர்த்தையும் கராஜ் ரொட்டையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறேன்.

நீங்களே செய்ய வேண்டாம், அளக்கும் மீற்றர் கையோடு கொண்டுவரும் ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டு மெயினிலும் 30 மில்லி அம்பியர் ட்ரிப்தான் இருக்கிறது என்றால் அவரிடம் சொல்லி அதை 100 மில்லி அம்பியர் தாமத வகைக்கு (சற்றுப் பிந்தி விழுவது) மாற்றி, வீட்டுக்கும் கராஜுக்கும் தனித்தனி 30 போடுங்கள். இல்லாவிட்டால் கராஜில் கிரைண்டர் பழுதாகும்போதெல்லாம் வீட்டுக்குள் பிரிட்ஜும் சேர்ந்து நிற்கும்.