மேனேஜர்தான், ஆனால் கீழே யாரும் இல்லை

விருதுநகர்க்காரர். மென்பொருளில் கோளாறு தேடும் டெஸ்ட்டிங் வேலையில் தொடங்கி, இப்போது ஹைதராபாத்தில் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் ப்ராடக்ட் மேனேஜர்; அதாவது, செயலியின் ஒரு பகுதியில் எதை மாற்றலாம் என்று யோசித்து, அதன் நல்லது கெட்டதுக்குப் பொறுப்பேற்பவர். பெயரும் நிறுவனமும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் ப்ராடக்ட் மேனேஜராம். "உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "யாரும் இல்லை" என்கிறார். சம்பளம் ஐம்பது லட்சமாம். நம்பலாமா?
– ஒரு தாயார், கும்பகோணம்

பதில்: நம்பலாம் அம்மா. எனக்குக் கீழேயும் யாரும் இல்லை. டெவலப்பர்கள் வேறொரு மேனேஜருக்குக் கீழே, டிசைனர் இன்னொருவருக்குக் கீழே. அவர்களுக்கு நான் லீவும் தர முடியாது, இன்க்ரிமென்ட்டும் போட முடியாது. ஆனால் செயலியில் என் பகுதி சொதப்பினால் முதல் போன் எனக்குத்தான் வரும். "மேனேஜர்னு சொல்லிக்கிட்டு எல்லார்கிட்டயும் கெஞ்சிக்கிட்டே இருக்கியே" என்பார் என் அம்மா. அவர் சொல்வது ஏறக்குறைய சரி.

அதை விடுங்கள், அந்த ஐம்பது லட்சத்தைப் பிரித்துக் கேளுங்கள். மாதச் சம்பளம், ஆண்டு போனஸ், கம்பெனிப் பங்குகள் மூன்றையும் கூட்டித்தான் 'பேக்கேஜ்' என்பார்கள். பங்குகள் மொத்தமாகக் கைக்கு வராது. பெரும்பாலும் நான்கு வருடத்தில் தவணையாக வரும். அமேசானில் முதல் வருடம் 5 சதவீதம், அடுத்து 15, பிறகு 40, 40 என்ற கணக்கு பிரபலம். நடுவில் வேலையை விட்டால் மீதி கிடையாது. பங்கு கணக்கில் ஏறிய அன்றே அதைச் சம்பளமாகக் கருதி வரி பிடித்துவிடுவார்கள். அமெரிக்கப் பங்கு என்றால் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகவும் காட்ட வேண்டும். படிவத்தில் அந்தப் பகுதிக்குப் பெயர் 'ஷெட்யூல் எஃப்.ஏ.'; பையனிடம் சொல்லிப் பாருங்கள். சட்டென்று புரிந்துகொண்டால் பொறுப்பான பிள்ளை.

கேள்வி: நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?
– ஒரு கல்லூரி மாணவர், ராஜபாளையம்

பதில்: கொஞ்ச காலம் முன்பு ஒரே ஒரு கட்டத்தோடு மல்லுக்கட்டினேன் தம்பி. பதிவுப் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' என்ற கட்டம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நம் ஊரில் எத்தனை பேருக்கு லாஸ்ட் நேம் இருக்கிறது? இனிஷியல்தானே. அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். சிலர் வெறும் புள்ளி. சிலர் தன் பெயரையே இரண்டாம் முறை. அப்பா பெயர், கணவர் பெயர், ஊர்ப் பெயர். பிறகு கார்டில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்று கஸ்டமர் கேருக்குப் போன்.

கட்டாயம் என்று காட்டும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் போதாதா? டெவலப்பருக்கு அது ஒரு மத்தியான வேலை. ஆனால் அந்தக் கட்டத்தை பார்சல் லேபிள் அடிக்கும் குழு படிக்கிறது, பில் போடும் குழு படிக்கிறது, மோசடி பிடிக்கும் குழுவும் படிக்கிறது. கட்டம் காலியாக வந்தால் ஆர்டரையே தள்ளிவிடும் பழைய புரோகிராம் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் அந்தக் காலாண்டுக்கான வேலைப் பட்டியல் உண்டு. என் நட்சத்திரம் யார் பட்டியலிலும் இல்லை.

உத்தரவு போட முடியாதவள் என்ன செய்வாள்? எழுதினேன். இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து, அது குடும்பப் பெயர் இல்லை, என் அண்ணனுக்கு ஓர் இனிஷியல் என்றால் அவன் பிள்ளைக்கு வேறு என்று அமெரிக்கத் தலைமையகத்துக்கு அரிச்சுவடியிலிருந்து விளக்கினேன். யாரும் அசையவில்லை. இந்தோனேசியாவிலும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் ஏராளம், அங்கே அதிபர்களாக இருந்த சுகர்ணோவும் சுகார்த்தோவும் அப்படித்தான் என்று ஒரு பத்தி சேர்த்த பிறகுதான் கேள்விகள் வந்தன. ஒரு மாநிலத்துப் பிரச்சினைக்கு இல்லாத மரியாதை இரண்டு நாட்டுப் பிரச்சினைக்கு உண்டு. பாதிப் பேருக்குப் பழைய படிவம், பாதிப் பேருக்குப் புதியது என்று சில வாரம் ஓட்டி, பதிவு கூடுகிறது, புகார் குறைகிறது என்று காட்டியதும் நட்சத்திரம் போனது.

கேள்வி: எங்கள் காலத்தில் இப்படி ஒரு பதவியே கிடையாதே?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, காரைக்குடி

பதில்: இருந்தது ஐயா, சோப்புக் கம்பெனியில். 1931இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பு விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டின் நல்லது கெட்டதுக்கும் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்று குறிப்பு எழுதினார். அங்கிருந்து வந்ததுதான் எங்கள் வேலை. அவர் 1957இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவே ஆனார். நம் சுந்தர் பிச்சை 2004இல் கூகுளில் சேர்ந்ததும் ப்ராடக்ட் மேனேஜராகத்தான். "நீ எப்போ சி.இ.ஓ.?" என்று கேட்கும் சித்தப்பாக்கள் எனக்கும் உண்டு.

கேள்வி: உங்கள் யோசனைகளில் எத்தனை பலிக்கும்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: கொஞ்சம்தான். கூகுளிலும், மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலும், பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று நூறு சோதனை செய்தால் பத்து இருபதுதான் நல்ல பலன் தரும் என்று மைக்ரோசாஃப்டில் இத்தகைய சோதனைகளுக்குத் தலைமை வகித்த ரான் கோஹவி எழுதியிருக்கிறார். அதே பிங்கில் 2012இல் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தைச் சற்று மாற்றலாம் என்று ஓர் ஊழியர் சொன்ன யோசனை, ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. கடைசியில் ஒரு பொறியாளர் தானாகச் செய்து பார்த்தார். சில மணி நேரத்தில் வருமானம் சந்தேகப்படும்படி ஏறுகிறது என்று எச்சரிக்கை அடித்தது. கோளாறு ஏதும் இல்லை. வருமானம் 12 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல். கிடப்பில் போட்டவர்களை நான் திட்ட மாட்டேன். பட்டியலில் இருக்கும்போது எல்லா யோசனைக்கும் ஒரே முகம்தான்.

கேள்வி: ஏ.ஐ. வந்துவிட்டதே, இந்த வேலை நிலைக்குமா? மகன் வீடு வாங்கப் போகிறான்.
– ஒரு தந்தை, ஓசூர்

பதில்: கூட்டக் குறிப்பு எழுதும் வேலை போய்விட்டது, நிம்மதி. ஆட்குறைப்புக்கு ஏ.ஐ.யே வேண்டாம் ஐயா. 2023 ஜனவரி ஒரே மாதத்தில் அமேசான் 18,000, கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 பேர் என்று அறிவித்தன. பங்குப் பணத்தைச் சேர்க்காமல், மாதச் சம்பளத்தை மட்டும் வைத்துத் தவணை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: டெஸ்ட்டிங்கில் இருக்கிறேன். ப்ராடக்ட் பக்கம் வர எம்.பி.ஏ. வேண்டுமா அக்கா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: நான் படிக்கவில்லை. பெரிய கல்லூரி எம்.பி.ஏ. கதவு திறக்கும், மற்றதில் கல்விக் கடன்தான் மிஞ்சும். வெளியே தேடுவதைவிட, இருக்கும் கம்பெனிக்குள்ளேயே மாறுவது சுலபம். எது எங்கே உடையும் என்று டெஸ்ட்டருக்குத் தெரியும், அது பாதி வேலை. உங்களை எரிச்சலூட்டும் ஏதாவது ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரே பக்கம் எழுதுங்கள்: யார் தடுமாறுகிறார்கள், ஏன், எதை மாற்றுவீர்கள், சரியாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள். பத்திரிகை முகவரிக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். தாமதமானால் கோபிக்காதீர்கள், மார்ச்சில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்வரை எங்கள் கூட்டம் இரவு ஒன்பதரைக்குத்தான் ஆரம்பிக்கும்.