மைவி கதவுக்கு அளவு ரவிக்கை

(வாசகர் கேள்விகளுக்கு, கோலாலம்பூர், செந்தூலில் 20 ஆண்டுகளாக ஸ்டிக்கர் கடை நடத்தும் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணே, சின்னதாக ஒரு ஸ்டிக்கர் கடை போட்டிருக்கிறேன். மைவி காரின் கதவைக் கைப்பேசியில் படம் பிடித்து, அகலத்தை மட்டும் அளந்து, கம்ப்யூட்டரில் கோடு வரைந்து, காரில் ஒட்டும் வினைல் தாளை வெட்டினேன். நடுவில் சரியாக உட்காருகிறது, ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. மெஷின் கோளாறா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மெஷினைத் திட்டாதீர்கள், தம்பி. கைப்பேசியைக் கிட்டே வைத்து எடுத்தால் நடுப்பகுதி உப்பும், ஓரம் சுருங்கும். போதாததற்கு, கதவு கீழ்ப்பக்கம் உள்வாங்கி வளைகிறது. அந்த வளைவின் நீளம் படத்தில் விழவே விழாது.

என் அம்மா வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்தவர். யார் வந்தாலும் முதலில் கேட்பது, "அளவு ரவிக்கை கொண்டு வந்தியா?" கதவுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதைக் கதவின் மேலேயேதான் எடுக்க வேண்டும்.

காரை நிழலில் நிறுத்தித் துடைத்து, 2 அங்குல மாஸ்கிங் டேப்பை ஒன்றின் மேல் ஒன்று கால்வாசி ஏறும்படி ஒட்டிக்கொண்டே வாருங்கள். இழுத்து ஒட்டாதீர்கள். அது சுருக்கக் காகிதம். இழுத்தால் நீளும், உரித்ததும் சுருங்கும். அங்கேயே 2, 3 மில்லிமீட்டர் போச்சு. கதவு முழுக்க டேப்பால் மூடியதும் பென்சிலைப் படுக்கப் போட்டு விளிம்பெல்லாம் தேயுங்கள். கதவிடுக்கு, கைப்பிடி, சாவித்துளை எல்லாம் கறுப்புக் கோடாக எழும்பி வரும். சின்ன வயதில் 50 காசின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து வாவ் பட்டத்தை எடுப்போமே, அதே வித்தைதான். உரிப்பதற்கு முன், கைப்பிடி உயரத்தில் நீளமாக ஒரு கோடு, அதற்குக் குறுக்கே ஒரு கோடு. 'முன்', 'மேல்' என்று அம்புக்குறியும் போடுங்கள். வினைலை எங்கே உட்கார வைப்பது என்று பிறகு அந்தக் கோடுகள்தான் சொல்லும்.

பழைய வினைலின் வழவழப்பான அடித்தாளைக் குப்பையில் போடாதீர்கள். ஒரே தாளாக உரித்த டேப்பை அதன் மேல் விரித்தால் அடங்கிப் படுக்கும், வேண்டாதபோது எழும்பியும் வரும். படுக்க மறுத்துப் புடைத்துக்கொண்டு நிற்கும் இடம்தான் வளைவு. அங்கே ஓரத்திலிருந்து கத்தரியால் ஒரு வெட்டு கொடுங்கள். வெட்டு வாய் பிளந்தால், அதுதான் அம்மா ரவிக்கையில் பிடித்த டாட், அதாவது உடம்பின் வளைவுக்காகப் பிடிக்கும் கூம்பு மடிப்பு. துணியில் அதை மடித்துத் தைத்துவிடலாம். வினைலில் சூடு காட்டித்தான் அடக்க வேண்டும். 2, 3 மில்லிமீட்டர் என்றால் வளைவுக்கு இணங்கும் காஸ்ட் வகை வினைல் ஈடு கொடுக்கும். விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தால் ஒரே துண்டாக ஒட்டும் ஆசையை விட்டுவிட்டு, கதவில் ஓடும் மடிப்புக்கோட்டில் இரண்டாகப் பிரியுங்கள்.

சரி, இப்போது படம் எடுக்கலாம். தட்டையாகக் கிடக்கும் டேப்பின் பக்கத்தில் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று என்று இரண்டு இரும்பு அடிக்கோல்களை வையுங்கள். நாற்காலி மேல் ஏறி, ஜூம் போட்டு, நேர் மேலிருந்து எடுங்கள். கம்ப்யூட்டரில் இரண்டு அடிக்கோலும் 30 சென்டிமீட்டருக்கு 30 காட்டினால்தான் கோடு வரையத் தொடங்க வேண்டும். விளிம்பில் மடித்து ஒட்டுவதானால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூட விடுங்கள். முதல் வெட்டு மலிவுக் காகிதத்தில்தான்.

இடப்பக்கத்தை அப்படியே திருப்பிப் போட்டால் வலப்பக்கம் வந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அப்படித்தான் பின்பக்கத் துண்டு ஒன்றைத் திருப்பி வெட்டினேன். ஒட்டி முடித்து எட்ட நின்று பார்த்தால், பெட்ரோல் மூடியே இல்லாத பக்கத்தில் மூடிக்கு அழகாக ஒரு ஓட்டை. காரின் சொந்தக்காரர் சிரித்தார். வினைலுக்குக் காசு கொடுத்தவன் நான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்வி: சில கடைகளில் காரின் மேலேயே பிளேடு போட்டு வினைலை வெட்டுகிறார்களே, பெயிண்ட் தாங்குமா?
– ஒரு வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: கை பழகியவர் வெட்டினால் தாங்கும். ஆனால் பழகிய கையும் ஒருநாள் அழுத்தும். கீறல் விழுந்ததா என்பது வினைலை உரிக்கும் வருடம்தான் தெரியும், அப்போது யாரைப் போய்க் கேட்பீர்கள்? மேலே சொன்ன மாதிரி டெம்ப்ளேட் (அளவு மாதிரி) வைத்து முன்கூட்டியே வெட்டும் கடையைத் தேடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நூல் வைத்த டேப் இருக்கிறது; வினைலுக்கு அடியில் ஒட்டி, நூலை இழுத்தால் நூலே வெட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: வெள்ளைக் காரை முழுக்கக் கறுப்பு வினைலால் போர்த்தினால் ஜேபிஜேக்கு (சாலைப் போக்குவரத்துத் துறைக்கு) சொல்ல வேண்டுமா?
– ஒரு வாசகர், பிறை

பதில்: வேண்டும். கிராண்டில் (காரின் பதிவுச் சான்றிதழில்) ஒரு நிறம், ரோட்டில் ஒரு நிறம் இருக்கக் கூடாது. "ஸ்டிக்கர்தானே சார், உரித்தால் வெள்ளை" என்ற பேச்சு ரோட் பிளாக்கில் எடுபடாது.