மாலை கழற்றிய அன்றே (கடிதம்)

அன்புள்ள அக்கா,

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். எட்டு வருடமாகக் குடி. வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போடுவார், 48 நாளும் தொட மாட்டார், மாலை கழற்றிய அன்று ராத்திரியே ஆரம்பித்துவிடும். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம் இருக்கிறதாம், ஒரு நர்ஸ் சொன்னார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? போனால் ஊருக்குத் தெரிந்துவிடாதா? அவரோ "நான் என்ன குடிகாரனா" என்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்காதீர்கள். அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. குடியை விட டாக்டர் எழுதித் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையாகவே இருந்தாலும், அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் டாக்டர்கள் சாப்பிடுகிறவரிடம் எல்லாம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே தருவார்கள்.

இன்னொன்று. நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்துவிடக் கூடாது. என் தம்பி காலையில் பல் விளக்குமுன் குடிக்கும் நிலைக்கு வந்தபோது அவனை அறைக்குள் வைத்துப் பூட்டினோம். மறுநாள் கை நடுங்கியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்றான், அன்று ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் இப்படி ஆகலாம், உயிரும் போகலாம். மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், குடி வருடத்துக்கு வருடம் ஏறும். காலையில் குடிக்காவிட்டால் அவருக்குக் கை நடுங்குகிறதா என்று பாருங்கள். நடுங்கினால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் கூட்டம்.

சரி, அந்த 48 நாள் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது அதுதான். எட்டு வருடக் குடியை அவரால் எப்படி நிறுத்த முடிகிறது? பக்தி ஒரு காரணம், ஆனால் அது மட்டுமில்லை. விடியற்காலையில் கூடக் குளிக்க ஆள் இருக்கிறது, சாயங்காலம் பஜனை இருக்கிறது, எல்லோரும் அவரைச் சாமி என்று கூப்பிடுகிறார்கள், பழைய கூட்டாளிகூட "வாடா கடைக்கு" என்று கூப்பிட மாட்டான். மாலையைக் கழற்றியதும் இதெல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. நர்ஸ் சொன்ன கூட்டம் இந்தத் துணையை வருடம் முழுக்கத் தருகிறது.

அதற்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர், ஏ.ஏ. என்றால் போதும். 1935இல் அமெரிக்காவில் பங்குச்சந்தையில் வேலை பார்த்த ஒருவரும் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டரும் தொடங்கியது, இரண்டு பேரும் குடியால் சீரழிந்தவர்கள். குடித்தவன் சொன்னால்தான் குடிப்பவன் காதில் ஏறும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்த கூட்டத்துக்குத் தம்பியோடு நானும் போயிருக்கிறேன், குடும்பத்தாரும் வரலாம் என்ற திறந்த கூட்டம். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். மகள் சடங்கன்று குடித்துவிட்டுப் பந்தலில் விழுந்ததைச் சொன்னார். யாரும் புத்தி சொல்லவில்லை, உச்சுக் கொட்டவில்லை. தம்பி தலையைக் குனிந்தபடி பேப்பர் கப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தான். திரும்பி வரும் பஸ்ஸில், காவேரிப்பட்டணம் தாண்டியதும், "அவர் என் கதையைச் சொல்லிட்டாருக்கா" என்றான்.

அங்கே கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, சாதியோ ஊரோ கேட்பதில்லை. குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதை அவர்கள் உயிராகக் காப்பாற்றுகிறார்கள். அப்படியும் தெரிந்தவர் கண்ணில் படுமே என்று கூச்சமாக இருந்தால் கொஞ்சம் தள்ளி கிருஷ்ணகிரியோ சேலமோ போங்கள். ஓசூர்ப் பக்கம் சவாரி போகிறவர் என்றால் பெங்களூரில் கூட்டங்கள் நிறைய, அங்கே நிம்ஹான்ஸ் என்ற மனநல ஆஸ்பத்திரியில் குடிநோய்க்குத் தனிப் பிரிவும் உண்டு. ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். சின்ன ஊர்களில் இடமும் நேரமும் மாறும், போன் செய்து கேட்டுவிட்டே பஸ் ஏறுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவிலும் விசாரியுங்கள். 14446 போதை மீட்புக்கான இலவச எண், மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுக்கும் நீங்களே பேசலாம்.

அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், குடிகாரன் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி மல்லுக்கட்டவும் வேண்டாம். "ஒரு நாள் போய் சும்மா கேட்டுவிட்டு வரலாம்" என்றால் போதும். வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் தொடங்குங்கள், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் இருக்கிறது, போனிலேயே கலந்துகொள்ளும் கூட்டங்களும் நடக்கின்றன. எட்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறீர்கள், உங்களுக்கும் பேச ஆள் வேண்டும்.

கார்த்திகை வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் இந்த வருடமும் மாலை போட்டால் அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள், அவர் தெளிவாக இருந்து நீங்கள் சொல்வதைக் கேட்கும் நேரம் அது. மலையிலிருந்து இறங்கிய பிறகு வரும் முதல் கூட்டம் எந்தக் கிழமை, எந்த பஸ் என்று அப்போதே இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து ஒருவர் நம்பரை வாங்கி, மாலை கழற்றும் அன்று சாயங்காலம் இவருக்குப் பேசச் சொல்லுங்கள். நேரம் பார்க்காமல் பேசுவார்கள்.

அன்புடன்,
அக்கா